கையடக்கத் தட்டச்சுப்பொறியும் தமிழெழுத்தும்



உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழெழுத்து 247 என்பதை வகுப்பிலே மனனஞ் செய்திருக்கின்றீர்கள். தட்டச்சுப்பொறியிலோ நாற்பத்துச் சொச்சம் விசைகளே உள. விசையொன்றுக்கு இரண்டெழுத்து என்றாலும் நூறுக்குக் குறைவே. அங்ஙனமாயின் 247 எழுத்தும் அதனுள் அடங்கியது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை கண்டவர், தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா அவர்கள். 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து, 1907 இல் மலாயா சென்று தொழில் பார்த்தவர். எழுத்தை முழுதாக வார்க்காமல் உறுப்புகளாகப் பிரிப்பதே வழி. கொம்புக்கும் அரவுக்கும் தனித்தனி விசை. ஆகவே 'கொ' என்பது மூன்று தட்டு. புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் நகரா விசைகள். அவற்றைத் தட்டினால் தாள் சுமக்கும் வண்டி அசையாது நிற்கும்; அதன்பின் தட்டும் மெய்யெழுத்து அவ்விடத்திலேயே வந்து விழும். கையால் எழுதுகையில் ககரத்தின் பின் புள்ளி. பொறியிலோ புள்ளிக்குப் பின்னரே ககரம். இது சிறுவருக்கு வேடிக்கையாயிருக்கும்.

ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் 'எரிக்கா' என்னும் கையடக்கப் பொறியைச் செய்த சைடல் நௌமான் நிறுவனமே முத்தையாவின் தமிழ்ப் பொறிகளையும் வார்த்தது.

இன்று பழம்பொருட் சந்தைகளில் கையடக்கப் பொறிகள் பல கிடைக்கின்றன. மலிவானவற்றை இகழ வேண்டியதில்லை. சிலவற்றில் வரி முடிவை உணர்த்தும் மணி இராது. சிலவற்றில் அட்டவணை விசை இராது. இவை பொறுக்கத்தக்க குறைகள். எழுத்து வரிசை பிசகுதலே பொறுக்கலாகாத குறை. மலிவுப் பொறிகள் பலவற்றில் மாற்று விசையை அழுத்தினால் வண்டி முழுவதும் மேலெழும். சுண்டுவிரலுக்கு அது பாரம். தேய்ந்த பொறியாயின் மேலெழுத்து வரியை விட்டு மிதக்கும். வாங்குமுன் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாறிமாறித் தட்டிப் பாருங்கள். தமிழ்ப் பொறியாயின் புள்ளி எழுத்தின் தலைமேல் நேராக விழுகின்றதா எனவும் நோக்குக. புள்ளி பிசகினால் மெய் எது, உயிர்மெய் எது என்பதே மயங்கும்.

அழகுக்கு விலை கொடுப்பாரும் உளர். 1969 இல் சொற்சாஸ் வடிவமைத்த சிவப்பு நிற 'வலன்ரைன்' பொறியை மிக மலிவாகச் செய்யவே அவர் விரும்பினார்; ஒலிவெற்றி நிறுவனம் அதற்கு முழுதும் இணங்கவில்லை. இன்று அது நூதனசாலைப் பொருள். உள்ளுறுப்புகளோ அதே நிறுவனத்தின் 'லெற்றெரா 32' இனுடையவையே. தட்டுவதற்கெனின், யான் பின்னதையே வாங்குவேன்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். விசைகளை வெட்டியெடுத்து மோதிரமும் பதக்கமும் செய்து விற்போர் உளர். வீட்டின் மேற்றட்டிலே தமிழ்ப் பொறி கிடந்தால் அத்தகையோரிடம் கொடாதீர்கள். தமிழ் அச்சு இழந்த பொறிக்கு மாற்று அச்சுத் தேடுவது பெரும்பாடு. எம் பாடசாலையிற் கொண்டுவந்து தாருங்கள், மாணவர் தட்டிப் பழகட்டும்.

இறுகிய அச்சுக்கம்பிகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி படிந்து மேலும் இறுகும். தூரிகையை வெள்ளைச் சாராயத்தில் தோய்த்து, காற்றோட்டமான இடத்தில் துலக்குக. 13 மில்லிமீற்றர் அகல ரிபன் இன்றும் விற்பனைக்குண்டு. புதுச்சுருள் பொருந்தாவிடின் பழைய சுருளிலேயே சுற்றிக்கொள்ளலாம். ஆதலால் பழைய சுருளை எறிந்துவிடாதீர்கள்.