தெளிந்த நீரும் நல்ல நீரும்

தொட்டியில் நீர் பளிங்கு போல் தெளிந்திருக்கும். ஆயினும், புதிதாக வாங்கிய தங்கமீன் சில நாள்களிலேயே செத்து மிதக்கும். சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் அழகுமீன் வளர்க்கத் தொடங்குவோருக்கு இத்தகைய ஏமாற்றம் நேரலாம். நோயும் இல்லை; உணவும் குறையவில்லை. அப்படியிருக்க, மீன் இறப்பது ஏன்?

நிறமற்ற அம்மோனியாவே இதற்கு முக்கியக் காரணம். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே, அது அடிக்கடி இரை தேடி உண்ணும். கழிவையும் மிகுதியாக வெளியேற்றும். அதன் செவுள்கள் வழியாகவும் அம்மோனியா நீரில் கலக்கும். இந்த நஞ்சு சிறிதளவு சேர்ந்தாலும் செவுள்கள் பாதிப்படையும்.

இயற்கை இதற்குத் தீர்வு வைத்துள்ளது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு சில நுண்ணுயிரிகள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் நைட்ரேட்டும் குறையும். ஆகவே, வடிகட்டி என்பது அழுக்கைப் பிடிக்கும் கருவி மட்டுமன்று. இந்த நுண்ணுயிரிகள் குடியிருக்கும் வீடும் ஆகும்.

கெடாவின் வெப்பநிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும். தங்கமீன் சீனாவில் வளர்த்தெடுக்கப்பட்ட, குளிர்ந்த நீரை விரும்பும் மீன். ஒரு லிட்டர் நீர் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. மீனுக்கும் நுண்ணுயிரிகளுக்கும் உயிர்வளி தேவை. எனவே, நீரின் மேற்பரப்பை எப்போதும் அசைத்துக்கொண்டிருக்கும் வடிகட்டியே நம் நாட்டுக்கு ஏற்றது.

ஒராண்டா, ரான்சு, ரியூக்கின் போன்ற மீன்கள் உருண்ட உடல் கொண்டவை. வேகமாக நீந்த இயலாதவை. பலத்த நீரோட்டம் அவற்றைக் களைப்படையச் செய்யும். காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி விலை குறைந்தது; நீரோட்டமும் மென்மையாக இருக்கும். ஆனால், பெரிய கழிவுகளை அது முழுமையாக அகற்றாது. தொட்டியின் மேல் வைக்கும் பெட்டி வடிகட்டியில் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் நிறைய இடலாம். நீர் விழும் வேகத்தை மட்டும் தணிக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒன்று பழுதடைந்தாலும் மற்றொன்று மீனைக் காக்கும்.

அடுத்து, தொட்டியின் அடித்தளம். தங்கமீன் அடியில் உள்ளவற்றை வாயில் எடுத்து, இரையைப் பிரித்துவிட்டு, எஞ்சியதைத் துப்பும் பழக்கமுடையது. பட்டாணி அளவுள்ள கற்கள் அதன் வாயில் சிக்கிக்கொள்ளலாம். அக்கற்களின் இடுக்குகளில் கழிவும் தேங்கும். ஆகவே, நன்கு கழுவிய மென்மணலை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரத்திற்கு மட்டும் பரப்பலாம். மீனின் வாயில் நுழையாத பெரிய கூழாங்கற்களையும் வைக்கலாம். எதுவும் இடாத வெறுந்தளத்தைத் தூய்மை செய்வது மிக எளிது.

வெளியில் பொறுக்கிய கற்களை அப்படியே இடக்கூடாது. பாலிங் வட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் உள்ளன. சுண்ணாம்புக் கல் நீரின் காரத்தன்மையை உயர்த்தும்; காரத்தன்மை உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். கல்லின்மீது சில துளி வினிகரை விட்டால் போதும். நுரை பொங்கினால் அதில் சுண்ணாம்பு உள்ளது என அறியலாம்.

வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக்கூடாது. அந்நீரில் உள்ள குளோரின் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். நீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை மெல்ல அலச வேண்டும். புதிதாக ஊற்றும் குழாய் நீரிலும் குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும்.

நுண்ணுயிரிகள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை சிறிதளவு மீன் உணவைத் தொட்டியில் இட்டு, வடிகட்டியை இடைவிடாமல் இயக்க வேண்டும். பின்னர் நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே மீனை வாங்க வேண்டும்.