கொழுந்து நிறுக்கும் இடத்தில் கோபம் வந்தால்

தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழிக்கும்போது, காலையிலிருந்து மழையில் நின்று கொழுந்து எடுத்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் கை ஓங்கிவிட்டால் நியாயத்தை யாரும் கேட்பதில்லை. 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் மூண்டது. அதன்பின் 38 பேர் வேலை இழந்தார்கள், பலர் நீதிமன்றப் படி ஏறினார்கள். வேலைச் சுமை பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் வழக்குப் பேச்சில் அமுங்கிப்போயிற்று.

அடுத்த மாதமே நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கூடவே பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது. ஆகவே நிறுவைத் தகராறு இன்னும் வரும். அதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும்.

முதலில் வயிறு. விடியுமுன் எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு ஓடும் பெண்கள் எத்தனை பேர்! மலையில் மலசலகூடம் இல்லையென்று தண்ணீரையும் குடிக்காமல் இருக்கிறார்கள். பசியும் தாகமும் உள்ள உடம்பில் சிறு சொல்லும் சுருக்கென்று தைக்கும். இரண்டு கிலோ கூடுமே என்று பத்து மணி ரொட்டியை விடாதீர்கள். மலசலகூடம் கேட்பதைச் சங்கத்தின் கோரிக்கையாக்குங்கள். அதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

தராசருகே நெஞ்சு படபடத்தால், சாக்கை இறக்கிவிட்டு இரண்டடி பின்னால் வாருங்கள். நாலைந்து தடவை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பிறகு ஆளைக் குறைசொல்லாமல் கணக்கை மட்டும் கேளுங்கள்: "எத்தனை கிலோ கழிச்சீங்க, எதுக்குங்க ஐயா?" பதிலை அன்றே ஒரு கொப்பியில் குறியுங்கள். திகதியும் கிலோவும் எழுதிய ஒரு மாதக் கொப்பியைச் சங்கத் தலைவர் தோட்டத் துரையிடம் கொண்டுபோனால், அது சத்தத்தைவிட நன்றாகப் பேசும். சம்பளச் சீட்டோடும் ஒத்துப் பார்க்கலாம்.

கங்காணிமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கும் மேலிருந்து அழுத்தம் வருகிறது, தெரியும். அதற்காகத் தாய் வயதுப் பெண்ணை "ஏய்" என்று கூப்பிடலாமா? "அக்கா" என்று தொடங்குங்கள். தராசு முள்ளைக் காட்டிவிட்டுக் கழியுங்கள். திட்ட வேண்டியிருந்தால் எல்லார் முன்னாலும் வேண்டாம்.

மலையில் அடக்கிய கோபம் தவறணை வழியாக லயத்துக்கு வந்து மனைவி பிள்ளைகள் மேல் இறங்குவதுதான் எனக்கு மிகவும் கவலை. சம்பளக் கடன், தூக்கமின்மை, கைநடுக்கம், நினைத்து நினைத்துக் குமுறல் என்று நாட்கணக்கில் போனால், தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் எடுக்கலாம்.