ஹப்புத்தளையில் ஒரு கென்ட் மாளிகை

கேள்வி: மலையகத்தில் அசல் ஆங்கிலேய மாளிகையைப் பார்க்க எங்கே போகலாம்? (ஹட்டன் வாசகி)

பதில்: ஹப்புத்தளைக்கு ரயில் ஏறுங்கள். அங்குள்ள ஆதிஷாம் பங்களாவை 1931இல் கட்டியவர் தேயிலைத் தோட்டத் துரையான சர் தோமஸ் வில்லியர்ஸ். பெயர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அவர் பிறந்த ஊருடையது. கட்டடத்துக்கு மாதிரி, அதே கென்டிலுள்ள லீட்ஸ் கோட்டை. டியூடர் பாணி. சுவரெல்லாம் கருங்கல், கதவு, ஜன்னல், மாடிப்படி மட்டுமல்ல, கூரையில் ஓட்டுக்குப் பதிலாக வேய்ந்த பலகைகள்கூட பர்மா தேக்கு! 1960களில் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் வந்து, இன்று மடமாக இருக்கிறது. அவர்கள் தயாரிக்கும் ஜாம் அங்கேயே கிடைக்கும். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

துரைமார் இப்படி வாழ்ந்த காலத்தில், கொழுந்து பறித்தவர்களின் குடும்பத்துக்கு வாய்த்தது 10க்கு 12 அடி லயக் காம்பிராதான். பங்களாவைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடுங்கள்.