செஞ்சோறும் படைச்சேர்க்கையும்

செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழர் நன்கறிந்த தொடர். உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்துக் கடன் தீர்க்கும் வீரனை அது போற்றுகிறது. அவன் அச்சோற்றை நாடிச் சென்றது ஏன் என அது வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காண, முதல் உலகப் போர்க்காலப் பஞ்சாபை ஈண்டு நோக்குவோம்.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த அப்போரில் பஞ்சாப் மாகாணம் மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட வீரரை ஆங்கிலேயர் படைக்கு அளித்தது. இராவல்பிண்டி, ஜீலம் மாவட்டங்கள் இதில் முன்னின்றன. இவை பெரிதும் வானம் பார்த்த பூமி. பாகப்பிரிவினையால் நிலம் தலைமுறைதோறும் சுருங்கிற்று. மழை பொய்த்தால் வட்டிக்கடனே கதியாயிற்று. உழவர் நிலம் கடன் கொடுப்போர் கைக்கு மாறுவதைத் தடுக்க 1900-இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்ததெனின், கடன்சுமையை நாம் உணரலாம். இந்நிலையில், காலாட்படைச் சிப்பாயின் 11 ரூபாய் மாதச் சம்பளம் மழையை நம்பாத வருவாயாய் அமைந்தது. ஓய்வூதியமும், கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் உடன் சேர்ந்தன.

எனினும், வறுமை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. மிக வறியோரான நிலமற்ற கூலிகளை, 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாட்டின் பெயரால் அரசு தொடக்கத்தில் பெரிதும் ஒதுக்கிற்று. அது விரும்பி ஏற்றது சிறு நிலவுடைமையாளர் குடும்பத்து இளைஞரையே. குடிப்பெருமையும் அவர்களை உந்திற்று. ஜீலம் மாவட்டச் சிற்றூரில் பிறந்த சிப்பாய் குதாதாத் கான், 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் ஆற்றிய வீரச்செயலுக்காக, விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரரானார். போர்முனையிலிருந்து சிப்பாய்கள் எழுதிய மடல்களில் அரசரின் உப்பைத் தின்றோம் என்னும் நன்றியுணர்வும் உண்டு. ஊருக்கு அனுப்பிய பணம் பற்றிய கவலையும் உண்டு.

போர் நீண்டு, சாவுச் செய்திகள் ஊர்களை எட்டியபின் சம்பளத்தின் ஈர்ப்புக் குறைந்தது. 1917, 1918 ஆண்டுகளில் ஊர்களுக்கு ஆள்கணக்கு விதிக்கப்பட்டது; வற்புறுத்தலும் நிகழ்ந்தது. ஆயினும் இந்தியர்க்குக் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் இல்லாமையால், வரலாற்றேடுகள் இவர்களைத் தாமே முன்வந்தோர் என்றே குறிக்கின்றன.

அடகில் நிலமும் அடுப்பில் வெறும் உலையும் இருக்க, ஒருவன் தானே முன்வந்தான் எனல் எவ்வளவு மெய்? புறத்திணை பயிலும் மாணவர்கள் வீரத்தைப் போற்றுக. அவ்வீரன் வீட்டு உலையையும் உடன் நோக்குக. அப்போதுதான் நம் வரலாற்றறிவு நிறைவெய்தும்.