குளத்தில் இறங்கி அடித்த பெண்

கேள்வி: பெண்கள் கோல்ஃப் செய்தி எதைப் படித்தாலும் பட்டியலின் முன்வரிசையில் ஒரு கொரியப் பெயர் இருக்கிறது. ஐந்து கோடிப் பேர் வாழும் சிறிய நாட்டில் இது எப்போது, எப்படித் தொடங்கியது?

பதில்: நாள் குறித்தே சொல்லிவிடலாம். 1998 ஜூலை 6, திங்கட்கிழமை. இடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் என்ற ஊரிலுள்ள பிளாக்வுல்ஃப் ரன் மைதானம். தொடங்கி வைத்தவர் பாக் சே-ரி. அப்போது அவருக்கு வயது இருபது.

அமெரிக்க மகளிர் ஓபன் நான்கு நாள் நடக்கும் போட்டி, 72 குழிகள். அந்த ஆண்டு நான்கு நாளும் முடிந்தபோது, சே-ரியும் ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற கல்லூரி மாணவியும் சமமாக நின்றார்கள். ஜென்னி தாய்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அந்நாளைய விதிப்படி மறுநாள் இருவரும் இன்னும் 18 குழிகள் ஆட வேண்டும். ஜென்னி தொடக்கத்திலேயே நான்கு அடிகள் முந்திவிட்டார். சே-ரி கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தார். கடைசிக் குழிக்கு வந்தபோது மீண்டும் சமநிலை.

அந்தக் குழியில் சே-ரியின் முதல் அடி இடப்பக்கம் வளைந்து போய், குளக்கரைச் சரிவில் புல்லுக்குள் சிக்கிக்கொண்டது. கீழே தண்ணீர். ஓர் அடி அபராதம் ஏற்றுப் பந்தை வேறு இடத்தில் வைத்து ஆடியிருக்கலாம். பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். சே-ரி கரையில் இப்படியும் அப்படியுமாக நின்று பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், தண்ணீருக்குள் இறங்கினார். மாதக்கணக்கில் வெயிலில் நின்று கறுத்த கால்கள். கணுக்காலுக்குக் கீழே, காலுறைக்குள்ளேயே கிடந்த பாதங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று. கொரியர்கள் இன்றும் மறக்காதது அந்தப் பாதங்களைத்தான். இந்தப் பெண் எவ்வளவு நேரம் பயிற்சி செய்திருப்பாள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பந்து கரையேறியது. ஆனால் அந்த ஒரு அடியால் அவர் வென்றுவிடவில்லை. அந்தக் குழியில் இருவருமே வரையறுத்த எண்ணிக்கையைவிட ஓர் அடி கூடுதலாக எடுத்தார்கள். ஜென்னிக்கு வெல்ல ஒரு வாய்ப்பு வந்தது. பந்து குழிக்குள் போகவில்லை. 18 குழிகளுக்குப் பிறகும் சமநிலை, ஆட்டம் நீண்டது. இருபதாவது கூடுதல் குழியில், சுமார் பதினெட்டு அடி தூரத்திலிருந்து சே-ரி உருட்டிய பந்து உள்ளே விழுந்தது. மொத்தம் 92 குழிகள். அந்தப் போட்டியை அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை. தோற்ற ஜென்னி பிறகு தொழில்முறை ஆட்டத்தில் நிலைக்க முடியாமல் செவிலியரானார். ஒரு பந்து உருண்ட விதத்தில் இரண்டு வாழ்க்கைகள் பிரிந்தன என்று எனக்குத் தோன்றும்.

விஸ்கான்சினில் திங்கள் பிற்பகல் என்றால் கொரியாவில் செவ்வாய் விடியற்காலை. அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் சொல்ல வேண்டும். 1997 இறுதியில் அந்நியச் செலாவணி கரைந்து, கொரிய அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போயிருந்தது. நிறுவனங்கள் மூடப்பட்டன, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1998 தொடக்கத்தில் நாட்டுக் கடனை அடைக்க மக்கள் கல்யாண மோதிரம் முதல் குழந்தையின் பிறந்தநாள் மோதிரம் வரை வரிசையில் நின்று கொடுத்தார்கள். சேர்ந்த தங்கம் 227 டன். அப்படியொரு ஆண்டில், சிக்கிய பந்தை விட்டுவிடாமல் தண்ணீரில் இறங்கி அடித்த பெண்ணை மக்கள் விளையாட்டு வீராங்கனையாக மட்டும் பார்க்கவில்லை. அந்தக் காட்சியை வைத்துத் தொலைக்காட்சியில் பொதுநல விளம்பரமே வந்தது.

கேள்வி: அதற்கு முன் கொரியாவில் பெண்கள் கோல்ஃப் ஆடவே இல்லையா?

பதில்: ஆடினார்கள். 1978-இல் நான்கு பெண்கள் தேர்வில் தேறி அந்நாட்டின் முதல் தொழில்முறை வீராங்கனைகள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான கு ஓக்-ஹி, 1988-இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான எல்.பி.ஜி.ஏ.வில் ஒரு பட்டம் வென்றார். அங்கே வென்ற முதல் கொரியர் அவர்தான். ஆனால் அது சியோல் ஒலிம்பிக் ஆண்டு. கோல்ஃபும் அப்போது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. கு ஓக்-ஹி 2013-இல் காலமானார். பாதை போட்டவர் அவர்; கூட்டத்தை அதில் அழைத்து வந்தவர் சே-ரி.

கேள்வி: சே-ரி அதற்குப் பிறகும் வென்றுகொண்டே இருந்தாரா?

பதில்: இல்லை. அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் இருக்கிறது.

டேஜான் நகரத்துப் பெண். பள்ளியில் தடகளம். மகளை கோல்ஃபுக்குத் திருப்பியவர் தந்தை. விடியுமுன் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினைந்து மாடிப் படிகளை ஏறி இறங்குவதில் நாள் தொடங்கும். 1998-இல், அமெரிக்கச் சுற்றில் அவருடைய முதல் ஆண்டிலேயே நான்கு பட்டங்கள்; அவற்றில் இரண்டு மேஜர், அதாவது ஆண்டின் மிகப் பெரிய போட்டிகள். குளத்தில் இறங்கிய அதே வாரத்தில் அடுத்த போட்டியில் ஒரு சுற்றை 61 அடிகளில் முடித்தார், எல்.பி.ஜி.ஏ.வில் அதுவரை யாரும் தொடாத எண். ஆண்டு இறுதியில் ஊர் திரும்பியவரை விழாக்களும் வரவேற்புகளும் துரத்தின. உடம்பு தாங்கவில்லை, சியோலில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொண்டாடியவர்களே அவரைக் களைப்படைய வைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1999-இல் நான்கு பட்டங்கள். 2000-இல் ஒன்றுகூட இல்லை. 2001, 2002 இரண்டிலும் தலா ஐந்து. 2003-இல் கொரிய ஆண்கள் போட்டியிலேயே இறங்கி, பாதியில் வெளியேறாமல் முதல் பத்து இடங்களுக்குள் முடித்தார். 2004 மே மாதம் வென்ற பட்டத்தோடு, சாதனையாளர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெறத் தேவையான 27 புள்ளிகளும் சேர்ந்துவிட்டன. பத்து ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி மட்டுமே பாக்கி. வயது இருபத்தாறு. எந்த லட்சியத்துக்காக அமெரிக்கா வந்தாரோ அது கைக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு ஆட்டம் குலைந்தது. முதல் அடி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத நிலை. 2005-இல் பன்னிரண்டு போட்டிகள்தான் ஆடினார். ஒன்றிலும் முதல் பத்துக்குள் வரவில்லை. விரல் காயத்தோடு அந்த ஆண்டு பாதியிலேயே முடிந்தது. ஆடத் தெரியும், ஓய்வெடுக்கத் தெரியாமல் போயிற்று என்ற பொருளில் பின்னாளில் அவரே பலமுறை பேசியிருக்கிறார். சிறுவயது முதல் பயிற்சி, பயணம், போட்டி என்றே வளர்ந்தவருக்கு மைதானத்துக்கு வெளியே செய்ய எதுவும் இருக்கவில்லை. அவர் முடிந்துவிட்டார் என்றே எழுதினார்கள்.

2006 ஜூன், மேரிலாந்து மாநிலம், எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். மறுபடியும் சமநிலை, எதிரே ஆஸ்திரேலியாவின் காரி வெப். கூடுதல் குழியில் இருநூறு கெஜத்துக்கும் மேலான தூரத்திலிருந்து சே-ரி அடித்த பந்து, குழிக்குச் சில அங்குலம் தள்ளி வந்து நின்றது. மெல்லத் தட்டினாலே போதும். அது அவருடைய ஐந்தாவது மேஜர். 1998-இன் அந்த அடியைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். இருபது வயதில் தண்ணீரில் இறங்கத் துணிச்சல் போதும். கையை நம்ப முடியாத இரண்டு ஆண்டுகளைக் கடந்து, அதே கையை நம்பி அவ்வளவு தூரம் அடிப்பது வேறு. 2007-இல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார். 2010-இல் அலபாமாவில் வென்றது 25-ஆவது பட்டம், அதுவே கடைசி.

கேள்வி: அந்தக் குளத்துக் காட்சியைப் பார்த்து உண்மையிலேயே யாராவது ஆட வந்தார்களா?

பதில்: ஒரு தலைமுறையே வந்தது. 'சே-ரி குழந்தைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். அன்று விடியற்காலை தொலைக்காட்சி முன் பெற்றோர் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்ட ஒன்பது வயதுச் சிறுமி பாக் இன்-பீ, சில நாட்களில் மட்டையைக் கையில் எடுத்தார். (பாக் அங்கே பரவலான குடும்பப் பெயர்; இருவரும் உறவில்லை.) 2008-இல் பத்தொன்பது வயதில் அதே அமெரிக்க மகளிர் ஓபனை வென்று, சே-ரியின் இளம் வயதுச் சாதனையை உடைத்தார். 2008 முதல் 2013 வரை ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை அந்தக் கோப்பை கொரியாவுக்குப் போனது. 2012-இல் போட்டி திரும்பவும் பிளாக்வுல்ஃப் ரன்னில் நடந்தது. வென்றவர் சோய் நா-யோன். அவரைக் கட்டியணைக்க சே-ரியே அங்கு இருந்தார்.

சரிவிலிருந்து அவர்களும் தப்பவில்லை. 2008 வெற்றிக்குப் பிறகு இன்-பீ அமெரிக்கச் சுற்றில் அடுத்த பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். அதற்கடுத்த ஆண்டு, 2013-இல், மூன்று மேஜர்களை அடுத்தடுத்து வென்றார். 2016-இல் கட்டைவிரல் காயம். ரியோ ஒலிம்பிக்கிலிருந்து விலகி வேறொருவருக்கு இடம் விடலாமே என்ற பேச்சு ஊரில் எழுந்தது. கொரியப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் அந்த ஆண்டு பாக் சே-ரி. நான்கு வீராங்கனைகளுக்கும் கொரியச் சாப்பாட்டைத் தானே சமைத்துக் கொடுத்தார். இன்-பீ ஆடினார், இரண்டாவதாக வந்தவரைவிட ஐந்து அடிகள் முந்தித் தங்கம் வென்றார். அந்த அக்டோபரில், இன்சியோனில் நடந்த போட்டியில் ஒரே ஒரு சுற்று ஆடிவிட்டு, சே-ரி ஓய்வு பெற்றார்.