சளி பிடித்து எழுந்தவர் ஸ்கூபா போகலாமா?

சேலம், நாமக்கல் பக்கமிருந்து புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். சளியும் இருமலும் தேதி பார்த்தா வருகின்றன? கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து போயிருக்கும். "இப்போ பரவால்ல" என்ற நிலையில் போகலாமா, தள்ளிப்போடலாமா என்பதை இப்படி முடிவு செய்யுங்கள்.

முதலில் கிணற்று அனுபவத்தை ஒதுக்கி வையுங்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகி, அடிமண் அள்ளி வந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. ஆனால் கிணற்றில் மூச்சடக்கித்தான் முங்குகிறோம். நெஞ்சிலுள்ள காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. ஸ்கூபாவில் ஆழத்தில் இருந்தபடியே சிலிண்டர் காற்றை இழுக்கிறோம். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். அது வெளியேற வழி வேண்டும். கெட்டிச்சளி சிறு மூச்சுக்குழாயை மறித்தால், கோலி சோடாவின் கழுத்தைக் கோலி அடைப்பதுபோல, உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். நுரையீரல் கிழிந்து, காற்று ரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம். மூக்கடைப்பைவிட நெஞ்சுச்சளிக்கு அதிகம் பயப்பட வேண்டியது இதனால்தான்.

அடுத்து, மருந்தை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். மாத்திரை, மூக்குச் சொட்டு மருந்து எதுவும் இல்லாமல் சில நாள் மூக்கு திறந்தே இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் சளி துப்பும் நிலை போயிருக்க வேண்டும். சாதாரண சளிக்கே இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு இறங்குவது மோசமான குறுக்குவழி. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், மேலே வரும் நேரத்தில் காதும் சைனஸும் அடைத்துக்கொள்ளும். காற்று தீரும் முன் மேலே வந்தே ஆக வேண்டும் என்பதால், வலியோடு காத்திருக்கவும் முடியாது.

மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிப் பாருங்கள். இரண்டு காதும் 'பொப்' என்று ஒன்றுபோல் திறக்க வேண்டும். ஒன்று திறந்து மற்றொன்று முரண்டு பிடித்தால் இன்னும் ஆறவில்லை. ஏற்காடு மலையில் ஏறி இறங்கியும் காது அடைக்கவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் ஏறும் அழுத்தம், கடலில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக இறங்குவதற்குத்தான் சமம். அங்கேயே வலித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வலிக்காவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

பிறகு உடல்தெம்பு. டைவிங்குக்கு முன் நிரப்பித் தரும் மருத்துவப் படிவம் 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடப்பதையோ, 200 மீட்டரை நிற்காமல் நீந்துவதையோ அளவாகச் சொல்கிறது. நடந்து பாருங்கள். முடித்ததும் இருமல் வந்தாலோ, நெஞ்சு இறுக்கினாலோ, வீசிங் சத்தம் கேட்டாலோ மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நிமோனியா, மூச்சுத்திணறலோடு வந்த கொரோனா, பழைய காசநோய், ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வீட்டுச் சோதனைகளை நம்பவே கூடாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களின் பஞ்சுத்தூசியிலும் கோழிப்பண்ணைத் தூசியிலும் நாள்முழுக்க நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். இருமல் பழகிப்போய் அவர்களுக்கு அது நோயாகவே தெரிவதில்லை. நெஞ்சக மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நம் பக்கத்து மருத்துவர்கள் டைவர்களை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். "ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும்" என்று மட்டும் சொன்னால் ரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். படிவத்தைக் கையில் கொடுத்து, "பன்னிரண்டு மீட்டர் ஆழத்துல அழுத்தக் காற்றை சுவாசிக்கப் போறேன் டாக்டர், நுரையீரல்ல எங்கயாவது காற்று மாட்டுமா?" என்று கேளுங்கள். நிமோனியா என்றால் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லலாம். தானாக நுரையீரல் சுருங்கிய நியூமோதொராக்ஸ் ஒருமுறை வந்திருந்தால் பெரும்பாலும் டைவிங்கே வேண்டாம் என்பார்கள்.

படிவத்தில் பொய் எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டால் டைவிங் கடைக்காரர் உடனே கடலில் இறக்கிவிடுவார். அதில் லாபம் அவருக்கு.

இறங்கும்போது கால் முதலில் போகட்டும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் காதைத் திறந்துகொண்டே போங்கள். திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து முயலுங்கள். முக்கி ஊதினால் உள்காதுச் சவ்வு கிழியலாம். இரண்டு மூன்று முறையில் சரியாகாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

டைவ் முடிந்த கையோடு விமானமோ கொல்லிமலையோ ஏறாதீர்கள். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் போகட்டும். ஊர் திரும்பிய பிறகு நெஞ்சுவலி, மூச்சிறைப்பு, குரல் மாற்றம், கை கால் மரத்துப்போதல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "நேத்து ஸ்கூபா போய்ட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அங்கே யாருக்கும் அது தோன்றாது.