பிள்ளைகளின் மிகைநிறையும் குடும்பத்தின் போசணைப் பழக்கமும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும் (க.பொ.த. சாதாரண தரம்)

மாணவர்களே, மந்தபோசணை பற்றி வினவப்பட்டால் நிறைகுறைவையும் குருதிச்சோகையையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தேவைக்கு மேற்பட்ட சக்தி உடலில் கொழுப்பாகச் சேர்வதால் உண்டாகும் மிகைநிறையும் மந்தபோசணையின் ஒரு வடிவமே.

1. அளவிடும் முறை

உடற்றிணிவுச் சுட்டி = நிறை (கி.கி.) ÷ உயரத்தின் வர்க்கம் (மீ.²)

வளர்ந்தோருக்கு 18.5 – 24.9 உகந்த வீச்சாகும். இவ்வீச்சைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தலாகாது. 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபில் குறித்தே முடிவெடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு நியமப்படி +1 நியம விலகலுக்கு மேல் மிகைநிறை. +2க்கு மேல் உடற்பருமன்.

உதாரணம்: 13 வயது ஆண்பிள்ளை ஒருவரின் நிறை 54 கி.கி., உயரம் 1.50 மீ.

சுட்டி = 54 ÷ 2.25 = 24.0

வளர்ந்தோருக்கான வீச்சின்படி இது உகந்தது போலத் தோன்றும். ஆனால் 13 வயது ஆண்பிள்ளைக்கு +1 எல்லை 20.8, +2 எல்லை 24.8. எனவே இவர் மிகைநிறை உடையவர்.

இப்பிள்ளை 15 வயதில் 1.65 மீ. உயரமும் 60 கி.கி. நிறையும் அடைந்தால் சுட்டி 22.0 ஆகும். அவ்வயதின் +1 எல்லை 22.7. நிறை 6 கி.கி. கூடியும் அவர் உகந்த வீச்சினுள் வந்துவிட்டார். வளரும் பிள்ளைக்கு நிறையை வேகமாகக் குறைப்பதை விட, நிறை கூடும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலும் இலக்காகும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்க.

2. காரணங்கள்

கண்டி நகரில் படிக்கும் மாணவர் ஒருவரின் நாளைச் சிந்தியுங்கள். காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறார். இடைவேளையில் ரோல்ஸ். பாடசாலை விட்டதும் ரியூஷன் வகுப்பு. வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடத்தில் ஒரு போத்தல் மென்பானம். கட்டுகஸ்தோட்டையிலோ அக்குறணையிலோ உள்ள வீட்டை அடைய இருட்டிவிடும். இரவு ஒன்பது மணிக்குத் தட்டு நிறையச் சோறு; பின்னர் கைத்தொலைபேசி. விளையாட்டுக்கு நேரமில்லை; தூக்கமும் குறைவு.

இங்கு பிள்ளையை மட்டும் குறை கூற முடியுமா? வீட்டில் சமைக்கும் உணவு, கடையில் கிடைக்கும் உணவு, நேர அட்டவணை ஆகிய மூன்றும் இதில் பங்கு வகிக்கின்றன. பரம்பரை இயல்பும் ஒரு காரணமாகலாம்.

3. மென்பானத்தில் உள்ள சீனி

2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவு நிறக் குறியீட்டால் காட்டப்படுகிறது. 100 மி.லீ.இல்

- 11 கிராமுக்கு மேல் – சிவப்பு
- 2 முதல் 11 கிராம் வரை – செம்மஞ்சள்
- 2 கிராமுக்குக் குறைவு – பச்சை

செம்மஞ்சள் குறியீடுடைய 500 மி.லீ. பானத்தில் 100 மி.லீ.க்கு 10 கிராம் சீனி இருப்பின், மொத்தம் 50 கிராம். அதாவது ஏறத்தாழ 10 தேக்கரண்டி, 200 கிலோ கலோரி. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சேர்க்கப்படும் சீனியின் உச்ச எல்லையான 10 சதவீதமும் இந்த ஒரு போத்தலிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே செம்மஞ்சள் நிறம் பாதுகாப்பின் அடையாளமன்று.

4. குடும்பம் செய்யக்கூடியவை

- பிள்ளைக்கு மட்டும் தனி உணவு சமைக்காமல், முழுக் குடும்பமும் ஒரே உணவை உண்ணல்.
- காலை உணவைத் தவறவிடாமை. கடலை, பயறு, இலைக்கஞ்சி என்பன உகந்தவை.
- சோற்றை ஓர் அகப்பை குறைத்து, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரையையும் மரக்கறியையும் கூட்டல்.
- மென்பானத்துக்குப் பதிலாக நீர். பிஸ்கட்டுக்குப் பதிலாக கொய்யா, பப்பாசி, வாழைப்பழம்.
- நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடற்செயற்பாடு. கண்டி வாவியை ஒருமுறை சுற்றி விரைந்து நடக்க ஏறத்தாழ 40 நிமிடம் போதும். மழை நாளில் வீட்டினுள் கயிறடிக்கலாம்.

5. தவிர்க்க வேண்டியவை

பட்டினி கிடத்தல், விளம்பரங்களில் வரும் மெலிவு மாத்திரைகளை உண்ணல், பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தல். கேலிக்குள்ளான பிள்ளை விளையாட்டு மைதானத்தைத் தவிர்க்கிறார். சிலர் மறைவாக அதிகம் உண்கின்றனர். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், அவரையும் உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் செய்யும் பெரிய உதவியாகும்.

6. உதவி பெறுமிடம்

பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாக 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெறும். மிகைநிறை இனங்காணப்பட்டால், பெற்றோருடன் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தை நாடலாம். தேவைப்படின், அங்கிருந்து வைத்தியசாலையின் சிறுவர் நோய் மருத்துவ நிபுணரிடம் அனுப்பப்படுவர். கண்டிப் பிரதேசத்தில் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை அமைந்துள்ளது.

மாதிரி வினா

14 வயது மாணவி ஒருவர் மிகைநிறை காரணமாக இரவு உணவை முற்றாக நிறுத்தியுள்ளார்.

(அ) இது பொருத்தமற்றது என்பதற்கு இரு காரணங்கள் தருக.
(ஆ) அவரது குடும்பம் மேற்கொள்ளக்கூடிய மூன்று மாற்றங்களை எழுதுக.

விடைக் குறிப்பு: (அ) வளர்ச்சிக்குத் தேவையான புரதம், இரும்பு, கல்சியம் குறைவடையும், பசி மிகுந்து பின்னர் அளவுக்கு மீறி உண்ண நேரிடும். (ஆ) பகுதி 4இலிருந்து மூன்றைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சேர்த்து எழுதுக.